மாமா பேசினார், நான் மொழிபெயர்த்தேன்

பொய் சொல்வதற்கு ஒரு மொழி தாராளமாகப் போதும். எனக்குத்தான் இரண்டு தேவைப்பட்டன. ஒருவர் தமிழில் சொன்ன உண்மையை அவர் கண்ணெதிரிலேயே ஆங்கிலத்தில் பொய்யாக மாற்றி, மண்டபம் நிறைந்த சனத்துக்குப் பரிமாறியவன் நான். அந்த ஒருவர் வேறு யாருமல்ல, என் மனைவி சுகந்தியின் அப்பா. இதை எழுதும்போதும் காது சுடுகிறது.

திருகோணமலையில் ஒரு தொலைபேசி நிறுவனத்தின் கிளையில் எனக்கு வேலை. எந்த இடத்தில் கவரேஜ் இருக்கிறது, எங்கே இல்லை என்று கருவியோடு திரிந்து அளந்து அறிக்கை எழுதுவதுதான் தொழில். (கலியாண வீட்டுப் பந்தியில் சோற்றைப் பிசையும்போதும் பக்கத்து ஆள் போனை நீட்டி, “எங்கட வீட்டுக்க மட்டும் ஏன் தம்பி கோடு விழுகுதில்லை?” என்று கேட்பார். பாயாசம் வரும்வரை பதில் சொல்லவேண்டும்.) துறைமுகத்தைப் பார்த்து வளர்ந்தவன், பக்கத்துச் சல்லிக் கிராமத்தில் மீன்பிடிக்கிற குடும்பத்தில் பெண் எடுத்தவன். ஆனால் கடல் எனக்கு ஒத்துக்கொள்ளாது. மூதூருக்குப் போகும் லோஞ்ச் படகு இன்னும் கரையில் கட்டிக் கிடக்கும்போதே எனக்குத் தலை சுற்றத் தொடங்கிவிடும்.

இந்த இரண்டு விஷயமும் சேர்ந்த இடத்தில்தான் வினை ஆரம்பித்தது.

சல்லி மீனவர்கள் எங்கள் நிறுவனத்துக்கு ஒரு மனு அனுப்பியிருந்தார்கள். கரையை விட்டுக் கொஞ்சத் தூரம் போனாலே போன் செத்துப்போகிறது, ஊருக்குப் பக்கத்தில் ஒரு டவர் போட்டுத் தாருங்கள் என்று கேட்டிருந்தார்கள். முதல் கையெழுத்து மாமாவுடையது. வள்ளத்தில் போய்க் கடலில் ஏழு இடங்களில் அளந்து வரும்படி என்னை அனுப்பினார்கள். நான் போனேன், கரைவரை. அலையைப் பார்த்தேன். அலையும் என்னைப் பார்த்தது. மீன் காயப்போட்டிருந்த இடத்துக்குப் பக்கத்தில் ஒரு நிழலைக் கண்டுபிடித்து உட்கார்ந்து யோசித்தேன். பிறகு தெரிந்தவர் கண்ணில் படாமல் கரையோரமாக நடந்து ஏழு இடங்களில் அளந்துவிட்டு, அறிக்கையில் ‘கடலில் ஏழு இடங்கள்’ என்று எழுதினேன். கரையும் கடலும் பக்கத்துப் பக்கத்தில்தானே இருக்கின்றன, இதில் என்ன பெரிய வித்தியாசம் என்று மனச்சாட்சிக்குச் சமாதானம் சொல்லிவைத்தேன்.

‘கடலில் நேரடியாக அளந்து பார்த்ததில் சேவை திருப்திகரமாக உள்ளது’ என்று சல்லிக்குப் பதில் கடிதம் போயிற்று. அவர்கள் திரும்ப எழுதினார்கள். அதே பதில் போயிற்று. மூன்றாம் முறையும் எழுதினார்கள். மூன்றாம் பதிலைத் தட்டச்சுச் செய்தவன் நான்.

அடுத்த வருடம் மாமாவின் எஞ்சின் நடுக்கடலில் நின்றுவிட்டது. ஒரு பகல் முழுக்க அவர் மிதந்திருக்கிறார். போன் கையில் இருந்தது, யாரையும் கூப்பிட முடியவில்லை. நானும் சுகந்தியும் சல்லிக் கரையில் நின்றோம். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, “கவரேஜ் இருக்குதெண்டுதானே உங்கட கந்தோரில சொன்னவை, அப்பா ஏன் எடுக்கேல்ல?” என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். மற்ற வள்ளக்காரர் பொழுது சாய முதல் அவரைக் கண்டுபிடித்து இழுத்துவந்தார்கள். அன்றைக்காவது நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். மாமாவுக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். அதோடு சரி.

இந்த நிலையில்தான் மாநாடு வந்தது.

மொபைல் அகலக்கற்றையின் எதிர்காலம் பற்றிய மாநாடு. கொழும்பிலிருந்தும் வெளிநாடுகளிலிருந்தும் நிபுணர்கள் வருகிறார்கள், உப்புவெளியில் ஒரு கடற்கரை ஹோட்டலில் நடக்கிறது. எங்கள் கிளைக்கும் பதினைந்து நிமிடம் ஒதுக்கியிருந்தார்கள். முகாமையாளர் என்னைக் கூப்பிட்டார்.

“கடலிலயும் எங்கட சேவை இருக்குதெண்டு நேரடியாக் காட்டவேணும். உம்மட மாமனார் மீன்பிடிக்கிறவர்தானே? வள்ளத்தில நிண்டு வீடியோவில கதைக்கட்டும், நீர் மேடையில நிண்டு இங்கிலீசில சொல்லும். நல்லாச் செய்தா கொழும்புக்கு மாற்றம், பதவியுயர்வு. நான் எழுதித் தாறன்.”

ஏலாது என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் ஏன் ஏலாது என்று கேட்பார். கேட்டால் ஏழு இடங்களின் கதை வரும். எனவே “ஓம் சேர்” என்றேன்.

சல்லிக் கடலில் ஓரிடம் இருக்கிறது. அதற்கு அந்த ஊர்க்காரர் ‘கதைக்கிற இடம்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அம்மன் கோயில் கோபுரமும் அதற்குப் பின்னால் நிற்கும் ஒற்றைப் பனையும் ஒரே நேராக வரும் இடம். அங்கே மட்டும் எங்கிருந்தோ ஒரு டவரின் சிக்னல் தப்பி வந்து விழும். கடலுக்குப் போகிறவர்கள் அங்கே வள்ளத்தை நிறுத்தி, வீட்டாரோடு கதைத்துவிட்டுத்தான் மேலே போவார்கள். கரையிலிருந்து கூப்பிட்டால் கேட்கும் தூரம் என்று சொல்லமாட்டேன், ஆனால் மாமி கூப்பிட்டால் கேட்கும்.

மாமாவிடம் போனேன்.

“கொழும்பு ஆக்கள் எல்லாரும் பாக்கினமோ தம்பி?”

“ஓம் மாமா. நீங்கள் கதைக்கிற இடத்தில நிண்டாச் சரி. எப்பிடி இருக்குதெண்டு கேப்பன். ‘நல்லம்’ எண்டு சொல்லுங்கோ.”

“அப்ப டவர் விசயம்? அதையும் சொல்லட்டோ?”

“அதை நான் பாத்துக்கொள்ளுறன் மாமா.”

அவர் முகம் மலர்ந்துவிட்டது. மூன்று மனுப் போட்டும் நடக்காத காரியத்தை மருமகன் மேடையில் ஏறிச் செய்யப்போகிறான் என்று நம்பினார். இங்கே மாமாவைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். அவருக்குப் பொய் வராது. மீன் வாங்க வருகிறவர்களிடம், “இது நேத்தையான் மீன், வேண்டாம்” என்று தானாகவே சொல்லிவிடுவார். மாமி தலையில் அடித்துக்கொள்வார். இப்படிப்பட்ட மனிதரை நம்பி ஒரு பித்தலாட்டத்தை நடத்த முடியும் என்று நினைத்த என் மூளையை என்னவென்று சொல்வது!

மாநாட்டு மண்டபத்தில் சன்னல் சேலைகளை இழுத்துவிட்டு உண்மையான கடலை மறைத்திருந்தார்கள். பிறகு பெரிய திரையில் கடலின் படத்தைப் போட்டுக் காட்டினார்கள். நான் இரவல் கோட்டும், கழுத்தை நெரிக்கும் டையும், பெயர் எழுதிய அட்டையுமாக முன்வரிசையில் இருந்தேன். ஒருவர் ஐந்தாம் தலைமுறை என்றார். அடுத்தவர் எழுந்து, அது பழசு, ஆறாம் தலைமுறை என்றார். கொழும்பிலிருந்துகொண்டே கிராமத்து நோயாளிக்குச் சத்திரசிகிச்சை செய்யலாம், மாட்டின் கழுத்தில் கருவியைக் கட்டி அதன் மனநிலையை அறியலாம் என்றெல்லாம் பேசினார்கள். (எங்கள் கிளையில் மழை பெய்தால் மூன்றாம் தலைமுறையே ஓடி ஒளிந்துகொள்ளும்.)

நடு மேசையில் டொக்டர் ஃபரீனா என்ற தலைமைப் பொறியியலாளர் இருந்தார். எந்த ஊருக்குப் புதிய டவர் என்று தீர்மானிக்கும் குழுவின் தலைவி அவர். காலையிலிருந்து ஆங்கிலமும் நடுநடுவே சிங்களமும்தான் பேசினார். அந்த ஆங்கிலத்தைக் கேட்டதும், இவர் கொழும்பில் பிறந்து கொழும்பிலேயே கனவு காண்கிறவர், தமிழ் மருந்துக்கும் தெரியாது என்று நானே முடிவு கட்டிவிட்டேன். யாரிடமும் விசாரிக்கவில்லை. ஆளைப் பார்த்தே மொழியை அளந்துவிடுகிற கெட்டிக்காரத்தனம் எங்களுக்கு மட்டும் உரியது.

எங்கள் முறை ஒன்பதரைக்கு வரவேண்டியது. பேசியவர்கள் எல்லாரும் இழுத்ததில் பதினொன்றரைக்குத்தான் வந்தது. அதுவரை மாமா வெயிலில் கதைக்கிற இடத்தில் வள்ளத்தை வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

திரையில் அவர் தோன்றினார். புது வெள்ளைச் சட்டை, பட்டுக்கரை வேட்டி, நெற்றி நிறைய விபூதி. கடலில் இப்படி ஒரு கோலத்தில் யாரும் வள்ளம் ஓட்டிப் பார்த்திருக்கமாட்டார்கள். சொப்பிங் பையில் சுற்றிய போனை முன்னால் ஒரு தடியில் கட்டியிருந்தார். ஒரு கை துடுப்பில் இருந்தது, நீரோட்டம் வள்ளத்தை நகர்த்திவிடாதபடி தள்ளித் தள்ளி அதே இடத்தில் வைத்துக்கொண்டிருந்தார்.

“எல்லாருக்கும் வணக்கம். தம்பி, நீங்கள் சொன்ன இடத்திலதான் நிக்கிறன். அசையேல்ல.”

நான் ஒலிவாங்கியில், “ஆழ்கடலிலிருந்து உங்களுக்கு வணக்கம் சொல்கிறார்” என்று ஆங்கிலத்தில் சொன்னேன். அவருடைய தோளுக்குப் பின்னால் அம்மன் கோயில் கோபுரம் தெளிவாகத் தெரிந்தது. ஆழ்கடலில் கோயில் எப்படி வந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை.

“எங்கட சேவை எப்பிடி இருக்கு?” என்று கேட்டேன்.

“நல்லமெண்டு சொல்லச் சொன்னனீங்கள். இந்த இடத்தில நல்லம்தான். இதில இருந்து ரெண்டு வள்ள நீளம் அங்கால போனா ஒண்டுமில்லை.”

“மிக நன்றாக இருக்கிறதாம். இரண்டு வள்ளங்கள் ஒரே நேரத்தில் பேசினாலும் தடையே இல்லையாம்.”

பின்னால் தேத்தண்ணிக் கோப்பைகளோடு நின்ற ஹோட்டல் பொடியன்கள் இருவர் சிரித்தார்கள். என் டை கோணலாகிவிட்டது போல என்று நினைத்து அதைச் சரிசெய்துகொண்டேன். முகாமையாளர் முன்வரிசையிலிருந்து பெருவிரலை உயர்த்திக் காட்டினார். எனக்குக் கொழும்பு கண்ணில் தெரிந்தது.

“போன வருசம் எஞ்சின் பழுதாப் போச்சு. போன் கையில கிடந்தது. ஒருத்தரையும் கூப்பிட ஏலாமப் போச்சு தம்பி. பிள்ளையளை இனிக் காணமாட்டன் எண்டுதான் நினைச்சனான்.”

இதை அவர் வீட்டில் சொன்னதே இல்லை. எங்களிடம், “சும்மா மிதந்தனான், நித்திரை கொண்டனான்” என்றுதான் சொல்லியிருந்தார். அப்போதாவது நிறுத்தியிருக்கலாம். நான் சொன்னது இதுதான்: “கடந்த வருடம் நடுக்கடலில் எஞ்சின் பழுதானபோது, இவருடைய கையில் எங்கள் நிறுவனத்தின் இணைப்போடு ஒரு தொலைபேசி இருந்தது.”

அந்த வாக்கியத்தில் ஒரு சொல்லும் பொய் இல்லை. அதுதான் அதிலிருந்த அயோக்கியத்தனம். மண்டபம் எழுந்து கைதட்டியது.

கைதட்டல் மாமாவுக்கும் கேட்டது. தன் கதையைக் கேட்டு மனம் இளகித்தான் தட்டுகிறார்கள் என்று அவர் நினைத்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, “நன்றி, நன்றி. அப்ப டவர் தருவினம் போல, என்ன தம்பி?” என்றார்.

அப்போது நடு மேசையிலிருந்து டொக்டர் ஃபரீனா எழுந்தார். ஒலிவாங்கியை வாங்கினார். அவர் வாயிலிருந்து வந்தது, எங்கள் பக்கத்து ஊரான கிண்ணியாவின் சுத்தமான தமிழ்.

“ஐயா, நான் கிண்ணியா. நீங்க சொன்னது முழுக்க எனக்கு விளங்கின. எவ்வளவு நேரம் மிதந்தீங்க?”

எனக்குக் காலுக்குக் கீழே வள்ளம் ஆடியது. அது தரை, சீமெந்துத் தரை, ஆனாலும் ஆடியது.

“விடிய இருந்து பொழுது சாயுமட்டும் மகள்” என்றார் மாமா.

“டவர் கேட்டு எழுதினீங்களா?”

“மூண்டு தரம் எழுதினம். கடலில வந்து அளந்து பாத்ததாம், எல்லாம் நல்லமாம் எண்டு பதில் போட்டவை. ஒரு வள்ளமும் அளக்கப் போகேல்ல மகள், எங்களுக்குத் தெரியாம எந்த வள்ளம் போகும்? ஆரோ ஒரு கள்ளன் கரையில இருந்து எழுதிப்போட்டான்.” பிறகு அவர் என்னைப் பார்த்தார். அதாவது போனைப் பார்த்தார், திரையில் அது என்னைப் பார்ப்பதாகவே இருந்தது. “தம்பி, நீங்கள் அந்தக் கந்தோரிலதானே இருக்கிறியள். அந்த ஆள் ஆரெண்டு ஒருக்கா விசாரிச்சுச் சொல்லுங்கோ.”

ஃபரீனா என் பக்கம் திரும்பினார். “இப்ப இத மொழிபெயருங்க தம்பி. ஒரு சொல்லும் விடாம.”

நான் வாயைத் திறந்தேன். அந்த நேரம் பார்த்து, இரண்டு கைகளையும் கூப்பிக் கும்பிடுவதற்காக மாமா துடுப்பை விட்டுவிட்டார். வள்ளம் இரண்டு வள்ள நீளம் அங்காலே போயிருக்கவேண்டும். படம் அப்படியே உறைந்தது. கூப்பிய கையும் ஈரக் கண்ணும் பாதி திறந்த வாயுமாக மாமா சுவர் உயரத்துக்கு நின்றார். என் தொழில் வாழ்க்கையில் முதல்தடவையாக அறுந்துபோன ஓர் இணைப்புக்கு நன்றி சொன்னேன். அந்த நன்றியும் அரை நிமிடம்தான். கணினியோடு இருந்தவருக்குப் படத்தை எடுக்கத் தெரியவில்லை. மாமா போகவே இல்லை.

ஃபரீனா இப்போது எல்லாருக்கும் விளங்கும்படி ஆங்கிலத்தில் கேட்டார்: “அந்த அறிக்கையை எழுதியவர் இந்த மண்டபத்தில் இருக்கிறாரா?”

முகாமையாளரைப் பார்த்தேன். அவர் மதியச் சாப்பாட்டுப் பட்டியலை மனப்பாடம் செய்துகொண்டிருந்தார். மேலே பார்த்தேன், மாமா. நான் கையை உயர்த்தினேன். மாநாட்டுப் படப்பிடிப்பாளர் அந்தக் கணத்தைத் தேர்ந்தெடுத்துப் படம் பிடித்தார்.

ஃபரீனா என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நான் மேடையிலிருந்து இறங்கிவந்தபோது மெல்லிய குரலில், “எங்கட வாப்பாவும் கடலுக்குப் போனவர். அவருக்காகவும் கரையில காத்துக்கிட்டு நிண்டிருக்கோம்” என்றார். “நாளைக்குக் காலம போய் அளந்துட்டு வாங்க. வள்ளத்துல.”

பின்னேரம் சல்லிக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். மாமி குசினிக்குள் போய்விட்டார். அங்கே வந்திருந்த சுகந்தி கதிரையிலிருந்து எழும்பவில்லை.

“அப்பா மிதந்த அண்டைக்கு என்னோட கரையில நிண்டனீங்கள். என்ர கையப் பிடிச்சுக்கொண்டு நிண்டனீங்கள். அப்பவும் சொல்லேல்ல” என்றாள்.

அழுதேன். முப்பத்தைந்து வயதில் மாமனார் வீட்டு வாசலில் இரவல் கோட்டோடு நின்று அழுதேன்.

மாமா வெகுநேரம் வலையைப் பிரித்துக்கொண்டிருந்தார். பிறகு, “விடிய வாங்கோ தம்பி. ஒண்டும் சாப்பிடாம வாங்கோ” என்றார்.

மறுநாள் கடலில் ஏழு இடங்களில் அளந்தேன். ஏழு இடங்களிலும் வாந்தி எடுத்தேன். சாப்பிடாத வயிற்றிலிருந்து அவ்வளவு எப்படி வந்தது என்பது விஞ்ஞானத்துக்குப் புதிர். மாமா ஒவ்வொரு தடவையும் எஞ்சினை நிறுத்தி, முதுகைத் தடவி, தண்ணீர் கொடுத்து, “எழுதிட்டியளோ?” என்று மட்டும் கேட்டார். ஏழு இடத்திலும் ‘இல்லை’ என்று எழுதினேன். எழுத்துக் கோணல்மாணலாக இருந்தது, ஆனால் என் அறிக்கைகளில் அதைவிட நேரான ஒன்று கிடையாது.

கொழும்பு மாற்றம் கனவாகிப்போனது. அதற்குப் பதில், வெருகல் தொடக்கம் வடக்கே மாவட்ட எல்லைவரை கடலில் அளக்கிற பொறுப்பு முழுவதையும் நிறுவனம் என் தலையில் கட்டியது. இன்றைக்கும் மாதத்தில் இரண்டு நாள் நான் பட்டினி. சல்லிக்கு டவரும் வந்தது, கொஞ்சம் காலமெடுத்து.

மாநாட்டில் நான் கை உயர்த்திய அந்தப் படத்தைச் சுகந்தி எங்கிருந்தோ தேடியெடுத்துச் சட்டம் போட்டுத் தகப்பனுக்குக் கொடுத்தாள். மாமா அதை அலுமாரிக்கு மேலே, அம்மன் படத்துக்குப் பக்கத்தில் மாட்டிவைத்திருக்கிறார். படத்தில் மேலே சுவர் உயரத்துக்கு அவர், கீழே சின்னதாக, கோட்டும் டையுமாகக் கை உயர்த்தியபடி நான். வீட்டுக்கு யார் வந்தாலும் அதைத்தான் முதலில் கேட்பார்கள். மருமகன் ஏன் கை உயர்த்திக்கொண்டு நிற்கிறார்?

மாமா கண்கூட இமைக்கமாட்டார். “அதுவோ? எங்கட டவர் விசயத்தில அந்த மண்டபத்தில கை உயர்த்தின ஒரே ஆள் என்ர மருமகன்தான்.”

வந்தவர் எழுந்து என் கையைப் பிடித்துக் குலுக்குவார். குசினிக்குள் மாமியும் சுகந்தியும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பது எனக்குக் கேட்கும். நேற்றைய மீனை நேற்றைய மீன் என்று சொல்லுகிற மனிதர். அவர் சொல்வதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. அந்த வித்தையை அவர் என்னிடமிருந்துதான் படித்தார், எனக்காகவே படித்தார்.

நான் தலையைக் குனிந்துகொண்டு தேத்தண்ணியைக் குடிப்பேன். அப்போது என் மகள் குசினி வாசலில் நின்று, தாய் சொல்லிக்கொடுத்தபடி ஒவ்வொரு தடவையும் தவறாமல் கேட்பாள்:

“அப்பா, அம்மப்பா சொன்னதை இங்கிலீசில ஒருக்காச் சொல்லுங்கோ பாப்பம்.”

இன்றுவரை நான் சொல்லவில்லை.